விழுந்தால் நோகாத தரை

கோரையை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. களைக்கொத்தை ஆழமாக விட்டு, நெம்பி, கிழங்கு அறாமல் மண்ணோடு எடுக்க வேண்டும், அறுந்தால் போச்சு, ஒன்று இருந்த இடத்தில் அடுத்த வாரம் நாலு நிற்கும், களைக்காட்டிலேயே வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்ன, தெரியும், ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது, கை பறக்கிறது, மணி நாலரை. ஐந்தரைக்கு எதிர்வீட்டு மாடி வெயிலை மறைத்துவிடும், தரை சூடு தணியும், அப்போது இவரை வராந்தாவிலிருந்து இறக்கி இந்தப் புல்லில் நிற்க வைக்க வேண்டும், இன்றைக்கே, நாளை என்ற பேச்சே கிடையாது. இவர் என்றால் என் வீட்டுக்காரர், நாச்சிமுத்து, அதோ வராந்தா நாற்காலியில், இடது கையை யாரோ கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன பொருள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதத்திலேயே கைத்தடி பிடித்து நடக்கத் தேறிவிட்டார், நானும் பழனிக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஹாலில் விழுந்தார், மொசைக் தரையில், புருவத்தில் ஆறு தையல், அன்றிலிருந்து இந்த மனுஷர் தானாக ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், நடுவில் நான். கால் பயிற்சி கொடுக்க வருகிற ரெஜினா, சின்னப் பெண்தான், ஆனால் வெடுக்கென்று பேசுவாள், விழுந்த பதினைந்தாம் நாள் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள், "காலுல தெம்பு இருக்குதுங்கம்மா, பயந்தான் புடிச்சு வச்சிருக்குது. இப்படியே நாலு மாசம் உக்காந்துட்டார்னா அந்தக் கால் நடக்கறதையே மறந்துரும், அப்புறம் நான் வந்தும் பிரயோசனமில்லைங்க." கால் மறந்துவிடும். இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் அது காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவள் சொன்ன நாலு மாதத்தில் மூன்றரை போய்விட்டது.

புல்லைச் சொன்னதும் அவள்தான். வெறுங்காலோடு புல்லில் நடந்தால் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பும், விழுந்தாலும் அடிபடாது, விழுந்தால் அடிபடாது என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் விழவே மாட்டார் என்றாள். புல்லுக்கு நான் எங்கே போவேன் பாப்பா என்றதற்கு ஜன்னலைக் காட்டி, "இது புல்தரைதானுங்களே" என்றாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் புல்தரைதான். மில் ஓடிய நாளில் யாரோ ஆபீசர் குடியிருந்த வீடு இது, அந்த அம்மாள் சாயந்திரம் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பாளாம். மில்லை மூடியபோது காலனி வீடுகளை வேலை செய்தவர்களுக்கே கொடுத்தார்கள், மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்த இவருக்கு இது அமைந்தது. வந்த புதிதில் பச்சென்றுதான் இருந்தது, நாங்கள் அதற்கு என்ன மரியாதை செய்தோம், வடகம் காயப்போட்டோம், துணிக்கொடி கட்டினோம், ஓடாத மொபெட்டை நிறுத்தினோம், மகள் கோகிலா கல்யாணத்துக்குப் பந்தல்கால் குழி தோண்டி அப்படியே விட்டோம், கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கடைசியில் அதுவும் இல்லாமல், பார்த்தீனியம் இடுப்பளவுக்கு நின்றது. அதைச் சாய்ப்பது சுலபம், உயரமாக இருக்கிறதே தவிர வேரில் வலு இல்லை, வாய்ச்சவடால் ஆள். கோரை அப்படியல்ல, அமுக்கம். எல்லாவற்றையும்விட நெருஞ்சி. மேலே மஞ்சளாகப் பூத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருக்கும், அடியில் முள். இவருக்குச் சர்க்கரை வேறு. இடது பாதத்தில் முள் ஏறினால் இவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, சீழ் கட்டின பிறகுதான் தெரியும், அதனால்தான் பத்து நாளாக முட்டி போட்டு, சாண் சாணாக, உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டு போகிறேன். என் கையில் ஏறினால் அவர் காலில் ஏறாது, கணக்கு அவ்வளவுதான். நேற்று மூன்று முள், இன்று இதுவரை ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று நினைத்தால் உடனே பயம் வருகிறது. அன்றைக்கும் ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன். பின்வாசலில் நின்று கோகிலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், அவள் நாத்தனார் வளைகாப்புக்கு வந்து என்ன பேசினாள், இவள் என்ன பதில் கொடுத்தாள், அதற்கு மாப்பிள்ளை என்ன முகம் காட்டினார், ருசியான பேச்சு, இவர் ஹாலிலிருந்து "மயிலு" என்று கூப்பிட்டார். நான் "இருங்க, வர்றேன்" என்றேன். இரண்டாவது முறை கூப்பிட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு, இந்த முறை கொஞ்சம் எரிச்சலாகவே, "இருங்கன்னு சொன்னேனில்லீங்க" என்றேன். மூன்றாவது முறை கூப்பிடவில்லை, தொம்மென்று சத்தம்தான் வந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் எத்தனை லட்சம் தடவை இவர் மயிலு என்று கூப்பிட்டிருப்பார், துண்டுக்கு, காப்பிக்கு, மூக்குக்கண்ணாடிக்கு, கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும், அதற்கும் மயிலு, எத்தனை தடவை நான் இருங்க என்று சொல்லியிருப்பேன், ஒரு தடவையும் குடி முழுகிப் போனதில்லை, அன்றைக்கு மட்டும் முழுகியது. இந்த நாலு மாதமாக நான் எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன், பாத்திரம் தேய்க்கும்போது, பூ கட்டும்போது, இந்தக் கோரையை நெம்பும்போது. எதற்குக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. நெஞ்சு வலித்துக் கூப்பிட்டிருந்தால், தலை சுற்றிக் கூப்பிட்டிருந்தால், அதை அவர் வாயால் கேட்டுவிட்டு நான் எப்படி இந்த வீட்டில் சோறு தின்பேன். கிழங்கு அறுந்துவிட்டது. சனியன். நெம்பு, இன்னும் ஆழமாக விட்டு நெம்பு, விடாதே.

அருகம்புல் கதையை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், சிரிப்பும் வரும், அதை நினைத்துக்கொள்கிறேன். களை எடுத்துத் தரை மொட்டையாகிவிட்டது, நடுவதற்குப் புல் வேண்டும், நர்சரியில் பாய் மாதிரி சுருட்டி விற்கிறான், விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அப்போதுதான் புத்தி வேலை செய்தது, சங்கடஹர சதுர்த்திக்கு நம் பிள்ளையாருக்கு எத்தனை அருகம்புல் மாலை விழுகிறது, மறுநாள் எல்லாம் கூடை கூடையாக வெளியே கிடக்கிறது, அதுவும் இதே புல்தானே. பூசாரியிடம் செடிக்கு எரு என்று பொய் சொல்லி மூன்று கூடை வாங்கினேன், அவர் கொடுக்கும்போதே, "கால் படற எடத்துல மட்டும் போட்றாதீங்கம்மா, சாமி கழுத்துல கெடந்தது" என்றார். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது. கால் படுவதற்காகவே கொண்டு வருகிறேன், அதுவும் கடவுளாவது கத்திரிக்காயாவது என்று நாற்பது வருஷமாகப் பேசுகிற மனுஷரின் கால். வழியெல்லாம் பிள்ளையாரிடம் பேசிக்கொண்டே வந்தேன், அப்பனே, உனக்கும் அம்மையப்பனைச் சுற்றிவந்துதானே பழம் கிடைத்தது, நடையின் அருமை உனக்குத் தெரியாதா என்று. மாலையிலிருந்து நாரை உருவி, கோடு போட்டு, வரிசை வரிசையாக நட்டு, துணி அலசிய தண்ணீரை ஊற்றினேன். ஒன்பதாம் நாள் அத்தனையும் வைக்கோல். தெய்வ குற்றம், இனி இவர் எழுந்திருக்கவே மாட்டார், என்னால்தான், அதுவும் என்னால்தான் என்று இந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். வராந்தாவிலிருந்து குரல் வந்தது. வாய் கோணிய பிறகு இவர் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும், "ஏம்புள்ள... அது நுனிப்புல்லு. கணு இல்லாம... எப்படி மொளைக்கும்? புள்ளையார் மேல... பழியப் போடாத." பல வாரத்துக்குப் பிறகு அவராகப் பேசியது அது. அழுகையோடு அழுகையாக எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காட்டுக்குப் பிறந்தவள் நான், கணுவை மறந்துவிட்டேன், மில்லில் இரும்போடு காலம் தள்ளியவர் எடுத்துக் கொடுக்கிறார். மறுநாளே தம்பி செல்லமுத்து தோட்டத்துக்குப் போனேன். அங்கே அருகுக்கா பஞ்சம், வெட்டி வெட்டி வரப்பில் வீசியிருந்தான். "ஏனக்கா, நம்மப்பன் அருகு தோண்டித் தோண்டியே கூன் விழுந்தாரு, நீ அதைப் போய்க் காரியமா பஸ்ஸேறி வந்து கேக்கறியே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தாலும் கணுவும் வேருமாக அவனே பார்த்துப் பார்த்து இரண்டு சாக்கு கட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் கண்டக்டர் சாக்கை எட்டிப் பார்த்து, "ஆட்டுக்குங்களாம்மா?" என்றார். நான் எங்கேயோ நினைப்பாக, "இல்லீங்க, எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன், பஸ்ஸே சிரித்தது. இவரிடம் வந்து சொன்னபோது இவர் சிரிக்கவில்லை, ஒரு பக்க உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது, அதையே நான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் கல்யாணத்தில் சீர் செய்து நடத்தி வைத்த அருமைக்காரர் அருகம்புல்லைப் பாலில் தொட்டு எங்கள் இரண்டு பேர் தலையிலும் வைத்தார், ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று பெரியவர்கள் வாழ்த்தினார்கள், பத்தொன்பது வயசில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, வருஷமெல்லாம் நாசமாய்ப் போகிற புல் என்று திட்டிவிட்டு இந்த ஒரு நாள் மட்டும் அதுபோல் இரு என்கிறார்களே என்று. வெட்டினாலும், வெயிலில் வீசினாலும், ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும் அதற்கு. நட்டு முடித்ததும் இவர் சொன்னார், காலி கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டு உருட்டு, வேர் மண்ணைப் பிடிக்கும் என்று. உருட்டினேன். அறுபத்து இரண்டு வயசில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிறவளைத் தெருவே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும், மேடு எங்கே பள்ளம் எங்கே என்று நாற்காலியில் இருந்தபடி இவர் வலது கையால் காட்டிக்கொண்டிருந்தார், மில்லில் ஓடுகிற மெஷினைத் தொட்டுப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொன்ன கை அது. எட்டு வாரம். மழையும் புண்ணியம் கட்டிக்கொண்டது. கோடு கோடாக ஓடி, ஒன்றையொன்று எட்டிப் பிடித்து, இதோ, இந்த மூலை தவிர மற்றதெல்லாம் மூடிவிட்டது, நர்சரிப் பாய் போல இல்லைதான், அங்கங்கே சொட்டை, அங்கங்கே திட்டு, ஆனால் கை வைத்து அமுக்கினால் உள்ளே போகிறது, மெத்தென்று இருக்கிறது.

"மயிலு." இதோ கூப்பிடுகிறார். கொத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், இப்போதெல்லாம் முதல் கூப்பாட்டுக்கே ஓடுகிறேன், "என்னங்க, என்னங்க" என்று மூச்சு வாங்க நிற்கிறேன். "ஒண்ணுமில்ல. தண்ணி குடி... எத்தனை நேரந்தான் வெயில்ல." தண்ணீர் குடித்தேன். வராந்தா விளிம்பில் அவர் காலடியில் உட்கார்ந்தேன், இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தேன், மெலிந்துவிட்டது, நகம் வெட்ட வேண்டும், ஜில்லென்று இருக்கிறது, தரையே தொடாத குழந்தையின் கால் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, களைப்போ, இன்றைக்கு இறங்கப்போகிறார் என்ற தைரியமோ, பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன், "ஏனுங்க, அன்னிக்கு விழுந்தன்னிக்கு, என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்க?" கேட்டிருக்கக் கூடாது. இவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "குக்கரு" என்றார். "குக்கருங்களா?" "பருப்பு வச்சுட்டு... நீ போன்ல இருந்த. அஞ்சு விசிலு ஆயிருச்சு. சரி... நாமளே போயி அடுப்ப அணைச்சுரலாம்னு..." அவ்வளவுதான். நெஞ்சு வலியில்லை, மயக்கமில்லை, பருப்பு தீயப் போகிறது என்று எனக்காக எழுந்திருக்கிறார், எழுந்து நாலு எட்டு நடந்திருக்கிறார். நாலு மாதமாக நான் சுமந்தது இறங்கிவிட்டதா என்றால் இல்லை, இன்னொரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பருப்புக்காகவா என்று வாய்விட்டு அழுதேன். "பருப்பு தீஞ்சுதா, இல்லையா?" என்று கேட்கிறார், அதுதான் அவர் கவலை. தீய்ந்துதான் போயிருந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாத்திரம் சுரண்டியது நான்தானே. "தீயலீங்க, நல்லா வெந்திருந்துச்சு" என்று சொன்னேன்.

ஐந்தரை. மாடி நிழல் வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் கண் படாமல் காம்பவுண்டுச் சுவர் ஓரம் பழைய புடவையைக் கட்டியிருக்கிறேன். ரெஜினாவும் வேண்டுமென்றே வரவில்லை, நான் இருந்தால் சாருக்குக் கூச்சம், நீங்களே பாருங்கம்மா என்றாள். வலது கையில் தடி, இடது பக்கம் நான், தூக்கி நிறுத்தினேன், விளிம்பு வரைக்கும் என் மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரே ஒரு படி. ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது நோவுக் கால், ரெஜினா பாடமாகவே சொல்லிக் கொடுத்தது. "எடது காலை வைங்க." வைக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. "நாளைக்குப் பாத்துக்கலாம் புள்ள." நாளைக்கு என்று நேற்றும் சொன்னார், முந்தா நாளும் சொன்னார். புல்லைப் பாருங்க, நீங்க சொல்லி நான் நட்டது, எத்தனை பச்சையா இருக்குது பாருங்க என்று என்னென்னவோ சொல்கிறேன், அவர் புல்லைப் பார்க்கவில்லை, புல்லுக்கு அடியில் இருக்கிற மொசைக்கைத்தான் பார்க்கிறார், அவருக்கு இப்போது எல்லாத் தரையும் மொசைக். "உளுந்துட்டா?" என்றார், கண் கலங்கிவிட்டது, நாச்சிமுத்து பிட்டர், உத்தரத்தில் ஏறி நின்று வேலை செய்த மனுஷர், ஒரு சாண் படியில் நின்றுகொண்டு சின்னக் குரலில், "மறுபடியும் உளுந்துட்டா, மயிலு?" விழமாட்டீங்க என்று சொல்ல நான் யார்.

அவரைத் தூணோடு விட்டுவிட்டு இறங்கினேன், நடு புல்லுக்கு நடந்தேன், எண்ணிக்கொண்டே போனேன், ஆறடி, திரும்பி அவரைப் பார்த்து நின்றேன். "விழுந்தா இப்படிதானுங்க" என்று சொல்லிவிட்டு விழுந்தேன். யோசித்திருந்தால் விழுந்திருக்க மாட்டேன், உடம்பு தானாக விழாது, காலைத் தளர்த்த வேண்டியிருக்கிறது, விழுவதற்கு இத்தனை தைரியம் வேண்டும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. தொம்மென்று இடுப்பு தரையில் மோதி, கொண்டை அவிழ்ந்து, மல்லாந்து கிடக்கிறேன். வலிக்கிறது. மெத்தென்று இருக்கும் என்று நினைத்ததெல்லாம் கைக்குத்தான், இடுப்புக்கு இல்லை. மேலே வானம், இரண்டு காக்கை, கழுத்தில் புல் குத்துகிறது, மண் வாசனை, துணிச்சோப்பு வாசனை. "நோகவே இல்லீங்க" என்று கத்தினேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் இவர் முகம் வெளிறிப்போயிருக்கிறது, பயமுறுத்திவிட்டேனா, ஐயோ, இன்னொரு தடவை இரத்தக் கொதிப்பு ஏறி ஏதாவது ஆகிவிட்டால், எழுந்து ஓட வேண்டும் என்று ஊன்றப் போனேன். "அசையாத!" என்றார், அதட்டல், பழைய பிட்டர் குரல், "எலும்பு கிலும்பு முறிஞ்சிருக்கும், ஆட்டாத, அப்படியே கெட, பைத்தியக்காரி." தடி படியில் தட்டும் சத்தம் கேட்டது. நோவுக் கால் இறங்கியது. அதன் பின்னால் நல்ல கால். புல்லில் இரண்டு பாதமும். அவர் கீழே பார்க்கவில்லை, தரையையே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே, திட்டிக்கொண்டே, இழுத்து இழுத்து வருகிறார், "அறுவது வயசுல... ஆட்டம் போடறா... பாரு... அடிபட்டுச்சா... எங்க வலிக்குது... சொல்லு." ஒன்று. இரண்டு. தடி, கால், கால். எனக்குக் கண்ணீரில் அவர் இரண்டு ஆளாகத் தெரிகிறார், இரண்டு பேருமே நடக்கிறார்கள். இன்னும் மூன்றடி இருக்கும். இடுப்பில் ஒன்றுமில்லை, சும்மா சிராய்ப்புதான், இந்நேரம் நான் எழுந்து நின்றிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு, "முடியலீங்க, கொஞ்சம் வாங்க" என்றேன்.